எலிசபெத் கீ வென்ற வழக்கு



அமெரிக்காவில் கறுப்பின மக்கள் அடிமையாக்கப்பட்டதைப் பற்றிப் பேசினால், "அது ஆதியிலிருந்தே அப்படித்தானே" என்று பலர் எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். அது ஆதியிலிருந்து வந்ததல்ல. எந்த ஆண்டு, எந்தச் சட்டம் என்று விரல்விட்டுச் சொல்ல முடியும். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1607 மே மாதம். லண்டன் வணிகர்களின் வர்ஜீனியா கம்பெனி அனுப்பிய சுமார் 104 ஆண்களும் சிறுவர்களும் ஓர் ஆற்றங்கரையில் இறங்கி, அந்த இடத்துக்கு ஜேம்ஸ்டவுன் என்று பெயர் வைத்தார்கள். அது ஆளில்லாத நிலமல்ல, பவ்ஹாட்டன் பூர்வகுடி மக்களின் நிலம். முதல் சில ஆண்டுகள் வந்தவர்கள் பட்டினியில் செத்தார்கள். பிறகு புகையிலை லாபம் தந்தது. புகையிலைக்கு நிலம் வேண்டும், பூர்வகுடிகளிடமிருந்து பறித்தார்கள். உழைக்க ஆள் வேண்டும், இங்கிலாந்தின் ஏழைகளைச் சில ஆண்டு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். 1619இல், அங்கோலாவிலிருந்து பிடித்துவரப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களும் அங்கே விற்கப்பட்டார்கள்.

பிறப்பால் அடிமை என்று சொல்லும் சட்டம் அப்போது வர்ஜீனியாவில் கிடையாது. பாகுபாடு இருந்தது. 1640இல் தப்பியோடிப் பிடிபட்ட மூன்று வேலையாட்களில் இரண்டு வெள்ளையர்களுக்குக் கூடுதலாக நான்கு ஆண்டு வேலை, ஜான் பஞ்ச் என்ற கறுப்பினத்தவருக்கு ஆயுள் முழுக்க வேலை என்று தீர்ப்பானது. ஆனாலும் சில கதவுகள் திறந்திருந்தன. அவற்றின் வழியே வெளியேறியவர்தான் எலிசபெத் கீ.

அவருடைய தாய் ஆப்பிரிக்க அடிமைப் பெண். தந்தை ஆங்கிலேயர். எலிசபெத்தை அடிமையாகவே வைத்துக்கொள்ள முயன்றபோது அவர் நீதிமன்றம் போனார். "என் தந்தை சுதந்திர மனிதர், நான் ஞானஸ்நானம் பெற்ற கிறித்தவள்" என்பது அவரது வாதம். அவருக்காக வழக்காடியவர் வில்லியம் கிரின்ஸ்டெட் என்ற ஆங்கிலேய ஒப்பந்த வேலையாள். 1656இல் எலிசபெத் வென்றார். பிறகு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

நிலவுடைமையாளர்கள் என்ன செய்தார்கள்? அவர் வெளியேறிய கதவுகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். 1662இல் ஒரு சட்டம்: பிள்ளையின் நிலை தாயின் நிலையையே பின்பற்றும். இங்கிலாந்தின் மரபோ தந்தை வழி. அந்த மரபையே தலைகீழாக்கினார்கள். அடிமைப் பெண்ணை வல்லுறவு செய்கிற முதலாளிக்குப் பிறக்கும் பிள்ளையும் அவனுக்குச் சொத்தானது. 1667இல் இன்னொரு சட்டம்: ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே. 1691இல் மூன்றாவது: கறுப்பினத்தவரையோ பூர்வகுடியையோ மணக்கும் வெள்ளையர் நாடு கடத்தப்படுவார்.

இடையில் 1676இல் பேக்கன் கலகம் நடந்தது. பூர்வகுடிகளைத் தாக்கக் கிளம்பிய கலகம் அது, அதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் வெள்ளை ஒப்பந்தக் கூலிகளும் கறுப்பின அடிமைகளும் ஒன்றாக ஆயுதம் ஏந்தினார்கள், ஜேம்ஸ்டவுன் எரிந்தது. ஆள்வோரை நடுங்க வைத்தது அந்தச் சேர்க்கைதான். 1705 சட்டத் தொகுப்பில், ஒப்பந்தம் முடிந்த வெள்ளைக்காரருக்குச் சோளமும் பணமும் துப்பாக்கியும் தரச் சொன்னார்கள். வெள்ளையர்மீது கை ஓங்கும் கறுப்பினத்தவருக்கு, அவர் சுதந்திர மனிதராகவே இருந்தாலும், முப்பது கசையடி. ஏழை வெள்ளையனுக்கு நிலவுடைமையாளரின் அதிகாரத்தில் பங்கு கிடைக்கவில்லை, தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற பெருமை கிடைத்தது.

நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் 1916இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்த அண்ணல் அம்பேத்கர், அகமணமே சாதியைக் காக்கும் கருவி என்று எழுதினார். அந்தக் கண்ணோடு 1691ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். பிறப்பால் மக்களைப் பிரிப்பவர்கள் ஏன் முதலில் திருமணத்தில் கை வைக்கிறார்கள் என்பது புரியும்.

இயற்கையான ஏற்பாட்டுக்கு இத்தனை சட்டங்கள் தேவைப்பட்டிருக்காது. மனிதர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள், அதனால்தான் தடுக்கச் சட்டம் போட்டார்கள். இனி "எல்லாம் ஆதியிலிருந்தே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டிலிருந்து, யாருடைய லாபத்துக்காக என்று கேளுங்கள் தோழர்களே.