தரிசில் குடியிருக்கும் அந்துப்பூச்சி



1854ஆம் ஆண்டு மே முதல் நாள் தாணாவிலிருந்து கல்யாணுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. நாசிக் வழியும் பூனா வழியும் பிரியும் சந்திப்பாகப் பின்னர் வளர்ந்த அவ்வூர், 1983இல் டோம்பிவிலியுடன் சேர்ந்து மாநகராட்சியாயிற்று. உல்லாஸ் ஆற்றுப் பகுதியின் வயல்களும் மேய்ச்சல் வெளிகளும் படிப்படியாகக் குடியிருப்புகளாக மாறின. எஞ்சியுள்ள புதர்வெளிகளைப் பொதுவாகத் 'தரிசு' என்று கூறிவிடுகிறோம். 2000ஆம் ஆண்டு வெளியான இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் புதர் நிலம் தரிசின் ஒரு வகையாகவே இடம்பெற்றது.

இத்தகைய வெளிகளில் மழைக்குப் பின் மஞ்சள் நிறத்தில் பூப்பது கிலுகிலுப்பை. அதைச் சார்ந்தும் வாழ்வது, இந்தியாவில் பரவலாகக் காணப்படும் உத்தேதைசா புல்கெல்லா என்னும் சிறு அந்துப்பூச்சி. லின்னேயஸ் 1758இல் இதனை விவரித்தார். விரித்த இறக்கையின் அகலம் ஏறத்தாழ 3 முதல் 4 சென்டிமீட்டர். வெண்ணிற இறக்கையில் சிவப்பு, கறுப்புப் புள்ளிகள். பெரும்பாலான அந்துப்பூச்சிகள் இரவில் நடமாட, இதுவோ பட்டப்பகலிலும் பறக்கும்.

அத்துணிவுக்குக் காரணம் உணவே. கிலுகிலுப்பையின் இலையிலும் விதையிலும் கால்நடைகளுக்குத் தீங்கு செய்யும் நச்சுப்பொருள் உண்டு. புழுக்கள் அதனை உண்டு உடலில் சேமிக்கின்றன. பளிச்சிடும் நிறம் பறவைகளுக்கு எச்சரிக்கை. இதன் அமெரிக்க உறவினத்தைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னர் ஆராய்ந்தார். வலையில் சிக்கிய பூச்சியைச் சிலந்தி தின்னாமல், இழைகளை அறுத்து விடுவித்துவிடுவதை அவர் கண்டார். ஆண் பூச்சி அந்நஞ்சின் ஒரு பங்கைப் பெண்ணுக்கு அளிக்கிறது. அது முட்டைகளையும் காக்கிறது.

கிலுகிலுப்பையின் இனத்தைச் சேர்ந்ததே பசுந்தாள் உரப்பயிரான சணப்பை. சணப்பை வயலில் இப்பூச்சியின் புழு காய்களைத் துளைத்து விதையைத் தின்பதால், உழவர் கணக்கில் இது பகையே. ஆயினும், ஒரு செடி மறைந்தால் அதனைச் சார்ந்த உயிர்களும் பாதிக்கப்படலாம். விளைச்சல் இல்லை என்பதால் ஒரு நிலம் உயிரற்றது ஆகிவிடாது.

இதற்குச் சட்டமும் வழி காட்டியுள்ளது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது அக்குழுவின் பணி. அப்பதிவேட்டில் காடும் குளமும் மட்டுமின்றி, நகரோரப் புதர்வெளியும் இடம்பெற வேண்டும். மழைக்காலத்துக்குப் பின் மாணவர்கள் ஓரிரு நாட்கள் அங்கே நடந்து, செடிகளையும் பூச்சிகளையும் குறித்துத் தரலாம். மனைப்பிரிவுக்கு அனுமதி வழங்குமுன் அதிகாரிகள் அக்குறிப்பைப் புரட்டிப் பார்க்கலாம். வீடு கட்டுவது அவசியமே. எதன்மீது கட்டுகிறோம் என்பதை அறிந்து கட்டுவதே திட்டமிடல்.