மழையில் ஓடியவர்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்குப் பொறுமையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நின்றுகொண்டு காத்திருப்பது வேறு. ஓடிக்கொண்டே பொறுத்துக்கொள்வது வேறு.

நான் இறுதியாண்டு படித்தபோது, ஐப்பசி அடைமழையில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டம். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்பைத் தொட்டுத் திரும்ப வேண்டும். நானும் என் அறைத்தோழனும் ஒன்றாகப் புறப்பட்டோம். "டேய், கொஞ்சம் மெதுவாப் போடா, சேர்ந்து போவோம்" என்றான் அவன். நான் கேட்கவில்லை. திரும்பும்போது எதிர்க்காற்று, கால் மரத்துவிட்டது. டீக்கடையில் ஒதுங்கியவன் ஒதுங்கியவன்தான். கிளாஸ் கையில் இருக்கும்போதே அவன் என்னைத் தாண்டினான். "வாடா" என்று கையசைத்தான். நான் போகவில்லை. அவன் கடைசி ஆளாக வந்தான். ஆனால் ஓடி முடித்தான்.

நான் தோற்றது எதனால் என்பது 2018-இல்தான் எனக்கு விளங்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான். கொட்டும் மழை, எதிர்க்காற்று, சுமார் 4 டிகிரி குளிர். பெயர்பெற்ற வீரர்கள் பலர் பாதியில் விலகினார்கள். டெசிரே லிண்டன் என்ற அம்மையாரும் தொடக்கத்திலேயே விலகத்தான் நினைத்தார். "எப்படியும் நிற்கப்போகிறோம், அதற்குள் யாருக்காவது உதவுவோம்" என்று எண்ணி, ஒதுங்கிய சக வீராங்கனை ஷாலேன் ஃபிளானகனுக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். அப்புறம் பார்த்தால், தானே முன்வரிசையில் இருக்கிறார்! 2 மணி 39 நிமிடம் 54 விநாடியில் முதலாவதாக வந்தார். 1978-க்குப் பிறகு அங்கே பெண்களில் வென்றவர் எடுத்துக்கொண்ட மிக நீண்ட நேரம் அதுதான். ஆனாலும் வெற்றி வெற்றிதானே! இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ் அப்போது மருத்துவமனையில் வேலை பார்த்த நர்ஸ். ஆண்களில் வென்ற ஜப்பானியர் யுகி கவாவுச்சி, பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி எடுத்தவர்.

தம்பிகளே, தங்கைகளே, ஒன்றைக் கவனியுங்கள். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை வெகு வேகமாக இழுத்துவிடும். ஓடும்வரை உடம்பே சூட்டை உண்டாக்கும்; நின்றால் நனைந்த துணி குளிரை ஏற்றும். அதனால் முதலில் பாய்ந்துவிட்டுப் பிறகு நிற்பவனைவிட, அளவாக ஓடிக்கொண்டே இருப்பவனுக்குத்தான் மழை வழிவிடும். ஆனால் விடாமுயற்சி வேறு, வீம்பு வேறு. அடங்காத நடுக்கம், நாக்குழறல், புத்தித் தடுமாற்றம் வந்தால் உடனே நின்று, ஈரத்துணியை மாற்றி, உதவி கேளுங்கள்.

எனக்கு அன்று அப்படி ஒன்றும் வரவில்லை. மனம்தான் நின்றது. தனியாக ஓடியவனுக்கு நிற்பதற்குக் காரணம் சுலபமாகக் கிடைத்துவிட்டது. பக்கத்தில் ஒருவன் ஓடியிருந்தால் அவனுக்காகவாவது இன்னும் நூறு அடி போயிருப்பேன். அரியர் பேப்பரானாலும், வேலை தேடும் காலமானாலும் இதேதான். உங்களோடு ஓடுகிறவனைப் பின்னால் விட்டுவிடாதீர்கள்.

அந்த நண்பன் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். டேய், அன்றைக்கு வரவில்லை. இன்றைக்குச் சாப்பாட்டுக்காவது சேர்ந்தே போவோம்டா!