மிட்டாய் உறையின் பின்பக்கம்

மாலையில் தின்ற மிட்டாய் நள்ளிரவில் மூச்சுத்திணறலைத் தருமா? அமெரிக்காவில் சிலருக்குத் தருகிறது. அங்கே 'லோன் ஸ்டார்' என்ற உண்ணி கடித்தபின் மாடு, பன்றி, ஆட்டிறைச்சி அவர்களுக்கு ஆகாமல் போகிறது. அந்த விலங்குகளின் உடலில் உள்ள 'ஆல்ஃபா-கால்' என்ற சர்க்கரைதான் காரணம். சாப்பிட்டு 2 முதல் 6 மணி நேரம் கழித்தே தடிப்பும் வாந்தியும் தொடங்குவதால் மிட்டாய்மேல் சந்தேகமே வராது.

கம்மி மிட்டாய், மார்ஷ்மெல்லோ இவற்றில் பெரும்பாலும் இருப்பது ஜெலட்டின். மாடு, பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. இந்த ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு அதுவும் ஆகாது. அமெரிக்கச் சட்டப்படி உறையில் தனித்துக் காட்டவேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 9. எள்கூட 2023இல் சேர்ந்துவிட்டது. இறைச்சியும் ஜெலட்டினும் அதில் இல்லை. ஆகவே, 'இதில் அடங்கியவை' என்ற எச்சரிக்கை வரியோடு நின்றுவிடாமல், பொடி எழுத்தில் உள்ள முழுப் பட்டியலையும் படிக்கவேண்டும்.

நம் கடைகளில் ஹலால் முத்திரையைக் கண்டதும் நிம்மதி அடைகிறோம். பன்றி இல்லை என்பதற்கு அது உறுதி. மாடு இல்லை என்பதற்கு அல்ல! மீன் ஜெலட்டின், பெக்டின், அகார் அகார் என்றிருந்தால் அந்தக் கவலை இல்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பால்மாவையும் தேடிப் பார்க்கவேண்டும். வெறும் 'ஜெலட்டின்' என்று மட்டும் இருந்தால், பொட்டலத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.