கோட்டக்குப்பம் வழியாக ஓர் ஓட்டம்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அடுத்த மே மாத விடுமுறையில் இந்தப் பிள்ளைச்சாவடி வளாகத்திலிருந்து கடற்கரைக் காந்தி சிலை வரை ஓடிப்போய்த் திரும்புவது, பழையவர்களும் புதியவர்களும் சேர்ந்து ஓடுவது, காலை எட்டு மணிக்குக் கொடியசைப்பு என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. யோசனை நல்ல யோசனைதான். மே மாதமும் எட்டு மணியும்தான் எனக்கு ஒத்துவரவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்த வழி எனக்குப் பழக்கம். நாம் படித்தபோது இது பொறியியல் கல்லூரி, 2020இல்தான் பல்கலைக்கழகமானது. மூன்றாம் ஆண்டில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் விடுதியிலிருந்து கிளம்புவோம். பொம்மையார்பாளையம், பெரியமுதலியார்சாவடி, சின்னமுதலியார்சாவடி, கோட்டக்குப்பம், முத்தியால்பேட்டை. புறப்படுவது புதுச்சேரி, நடுவில் தமிழ்நாடு, சேருவது மறுபடி புதுச்சேரி. கோட்டக்குப்பம் டீக்கடைக்காரர், "யாருப்பா துரத்துறாங்க?" என்று தவறாமல் கேட்பார்.

ஒரு ஏப்ரல் மாதம் திரும்பி வரும்போது எங்களில் ஒருவன் பெரியமுதலியார்சாவடியில் நின்று, "இது எந்த ஊருடா?" என்றான். இருபது தடவை கடந்த ஊர். கிண்டல் பண்ணுகிறான் என்று மூன்று பேர் சிரித்தார்கள். பாகூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. ஆளை அப்படியே தூக்கிக்கொண்டு பக்கத்துத் தோப்பில் ஓடிக்கொண்டிருந்த பம்புசெட்டுத் தொட்டிக்குள் கழுத்து வரை இறக்கிவிட்டான். "தண்ணியில கிடக்கட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான். கால் மணி நேரத்தில் இவனுக்கு ஊர் பெயர் ஞாபகம் வந்துவிட்டது. இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறான் பாருங்கள்.

அந்தப் பாகூர்க்காரன் எந்தப் புத்தகத்தையும் படித்துச் செய்யவில்லை. ஆனால் இன்றைக்கு மருத்துவர்கள் சொல்வதும் அதுதான்: முதலில் குளிரவை, பிறகு கொண்டுபோ. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. வியர்வை நின்றுபோனால்தான் ஆபத்து என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பாதீர்கள். ஓடும்போது விழுகிறவன் பெரும்பாலும் சொட்டச் சொட்ட வியர்த்துக்கொண்டேதான் விழுகிறான்.

நம் கடற்கரையில் சங்கடமே அந்த வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் தரையில் சொட்டினால் ஒன்றும் போகாது, தண்ணீர் நஷ்டம்தான் மிச்சம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் எங்கே ஆவியாவது? 2019இல் தோஹாவில் உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் நடத்தினார்கள். வெயில் இல்லை, ஆனால் 32 டிகிரிக்கு மேல் வெப்பம், அதோடு புழுக்கம். ஓடத் தொடங்கியவர்கள் 68 பேர், முடித்தவர்கள் 40 பேர். அவர்கள் உலகத்தின் பொறுக்கியெடுத்த வீராங்கனைகள். நாம் யார்? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் கூட்டம்!

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானும் கொளுத்தும் வெயிலில்தான் நடந்தது. போர்ச்சுகல் நாட்டு லாசரோ அதில் விழுந்து மறுநாள் இறந்துபோனார். ஜப்பானின் கனகுரி பாதி வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒதுங்கி, யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். 1967இல் அவரை அழைத்துவந்து மிச்சத்தை ஓடி முடிக்க வைத்தார்கள். 54 வருஷத்துக்கும் மேலே ஒரு மாரத்தான். ஒதுங்கியதால்தானே முடிக்க ஆள் இருந்தார்?

இன்னொன்று. தண்ணீர் குடி, குடி என்று கட்டாயப்படுத்துவதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு உப்புச்சத்து குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததுதான் முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடித்தால் போதும். நம் ஊர் நீர்மோரில் உப்புப் போட்டுக் கொடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

உடம்பு வெயிலுக்குப் பழக பத்து முதல் பதினாலு நாள் வேண்டும். இங்கே இருக்கும் மாணவர்கள் பழகியவர்கள். பெங்களூரு ஏ.சி. அறையிலிருந்தும் வெளிநாட்டுக் குளிரிலிருந்தும் முந்தாநாள் வந்து இறங்குகிற எங்களுக்குத்தான் இடி. அதுவும் பழைய நண்பர்களோடு ஓடும்போது, "நீ என்னடா நின்னுட்டே" என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்தே நிற்கவேண்டியவன் நிற்கமாட்டான்.

ஆகவே என் வேண்டுகோள். ஓட்டத்தை பிப்ரவரிக்குக் கொண்டுபோங்கள். பக்கத்து ஆரோவில்லில் 2008இல் தொடங்கிய மாரத்தானும் பிப்ரவரியில் நடப்பதுதான். அதில் பரிசும் இல்லை, முதலிடமும் இல்லை. நமக்கும் கோப்பை வேண்டாம். விடியுமுன் ஐந்து மணிக்குக் கிளம்புவோம். ஒரு பழையவருக்கு ஒரு மாணவர் ஜோடி. இருவரும் சேர்ந்தே வரவேண்டும், ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்கவேண்டும். கோட்டக்குப்பத்திலும் முத்தியால்பேட்டையிலும் ஒரு பெரிய தொட்டி. இந்த ஊர் மீனவ நண்பர்களிடம் கேட்டால் ஐஸ் கட்டி கிடைக்கும்.

மே மாதமேதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இருந்தால், மாலை நாலு மணிக்குச் செயற்குழு கூடுகிறது, அங்கே வாருங்கள், பேசுவோம். தொட்டிச் செலவில் பாதி என்னுடையது.