இரண்டாவது சாவி

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் எழுத்தர். எங்க கிளையில் பணம் வைக்கிற ஸ்ட்ராங் ரூமை ஒருத்தர் தனியாகத் திறக்க முடியாது. இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். மேனேஜர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. விடுதலை பெற்ற நாடுகளைப் பற்றிப் பேசும்போது மட்டும், தலைவர் நல்லவரா என்றே ஏன் கேட்டுக்கொண்டிருக்கிறோம்?

கானாவை எடுத்துக்கொள்வோம். 1957இல் விடுதலை. நிக்ருமா கறுப்பின விடுதலையின் குரல், நமக்கும் பிரியமானவர். 1950இல் வெள்ளைக்காரன் அவரைச் சிறையில் போட்டான். 1951இல் உள்ளே இருந்தபடியே தேர்தலில் ஜெயித்து வெளியே வந்தார். அவருடைய ஆட்சிதான் 1958இல் தடுப்புக் காவல் சட்டம் கொண்டுவந்தது. விசாரணை இல்லாமலே ஐந்து வருடம் உள்ளே வைக்கலாம். 1960 தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற வழக்கறிஞர் டான்குவா, 1961இல் இந்தச் சட்டத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் வாதாடித் தோற்றார். பிறகு அதே சட்டம் அவரையே பிடித்தது. 1965இல் சிறையிலேயே செத்தார். அரசுக்குப் பிடிக்காத தீர்ப்புச் சொன்ன தலைமை நீதிபதியை 1963இல் நீக்கினார்கள். 1964இல் ஒரே கட்சி. 1966இல் ராணுவம் நிக்ருமாவையே தூக்கியெறிந்தது. அவரைக் கொல்லக் குண்டு வீசினார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் இரண்டாவது சாவியையும் பிடுங்கிக்கொண்டவரை ஓட்டுப் போட்டு இறக்க வழியில்லை, துப்பாக்கிதான் இறக்கியது.

ஏன் இப்படி ஆச்சு? காலனி அரசு விட்டுப்போன கொக்கோ வாரியம் விவசாயியிடம் ஒரு விலைக்கு வாங்கி, உலகச் சந்தையில் வேறு விலைக்கு விற்றது. நடுவில் நிற்கிற பணம் அரசைப் பிடித்தவன் கையில். தேர்தலில் தோற்றால் எல்லாமே போச்சு என்கிற நாட்டில் தோற்க யார் சம்மதிப்பான்?

போட்ஸ்வானாவைப் பாருங்கள். 1966இல் விடுதலை பெற்றபோது பரம ஏழை நாடு. ஆட்சிக்கு வந்தவர்கள் மாட்டு மந்தை வைத்திருந்த பெரிய குடும்பத்துக்காரர்கள். சட்டமும் கோர்ட்டும் அவர்கள் சொத்துக்கே தேவைப்பட்டன. 1967இல் ஒராபாவில் வைரம் கண்டுபிடித்தார்கள். கனிம உரிமை எந்த இனக்குழுவுக்கும் தனியாகப் போகாமல் நாட்டுக்கென்று சட்டம் வந்தது. 1977 வரை ராணுவமே கிடையாது. தேர்தல் தவறாமல் நடந்தது. 58 வருடம் ஆண்ட கட்சி 2024இல் தோற்றது. மரியாதையாக இறங்கிப் போனது.

உடனே கைதட்டிவிட வேண்டாம். அந்தச் சனநாயகத்தில் சான் மக்கள் எங்கே? தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் மாட்டை மேய்த்தவர்கள். ஊர்கூடிப் பேசுகிற 'கோட்லா'வில் அவர்கள் சொல்லுக்கு இடமிருந்ததில்லை. 2002இல் மத்திய கலஹாரியிலிருந்து அவர்களை வெளியேற்றியது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுதான். தண்ணீரையும் நிறுத்தியது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2006இல் தீர்ப்பு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அவர்கள் உரிமை என்று 2011இல் இன்னொரு தீர்ப்பு. தண்ணீருக்காக மகத் குளத்தில் இறங்கிய வரலாறு உள்ள நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. இரண்டாவது சாவி நமக்கு நீதியைக் கொண்டுவந்து கொடுத்துவிடாது. மேட்டுக்குடிகள் தங்களுக்காக வைத்துக்கொண்ட சாவி அது. ஆனால் அது இருந்ததால்தான் சான் மக்கள் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. நிக்ருமாவின் கானாவில் அந்தக் கதவையே பெயர்த்துவிட்டார்கள். 1992க்குப் பிறகு கானா மக்கள் அதை மறுபடி கட்டினார்கள். 2000இலிருந்து ஓட்டுப் போட்டே ஆட்சியை மாற்றுகிறார்கள். ஆகவே எதுவும் தலைவிதி இல்லை.

1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இரண்டு எச்சரிக்கையையும் சேர்த்தே கொடுத்தார்: தலைவனின் காலடியில் உரிமையை வைக்காதே, சமூகத்தில் சமத்துவம் இல்லாமல் ஓட்டில் மட்டும் சமத்துவம் நிலைக்காது. அடுத்த வருடமே இந்தியாவும் ஒரு தடுப்புக் காவல் சட்டம் போட்டது. அதனால் நம் தலைவர், நம் கட்சி, நம் இயக்கம் என்றாலும் கேளுங்கள் தோழர்களே: இரண்டாவது சாவி யார் கையில்?