எல்லையில் நிறுத்தப்படும் மணம்
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தோழர் வாழ்ந்த காலத்தில் அவர் நடத்திவைத்த சாதி மறுப்புத் திருமணங்கள் எத்தனை என்று இங்கே சிலருக்குத் தெரியும். ஆகவே அவர் நினைவில் பேசும்போது திருமணத்தைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் நான் எடுத்துக்கொண்டிருப்பது காவல் நிலையத்திலும் பதிவாளர் அலுவலகத்திலும் நடக்கும் போராட்டத்தை அல்ல. அதைத் தாண்டி, தூதரக கவுண்ட்டரிலும் துறைமுகத்திலும் நடக்கும் போராட்டத்தை. கணவன் ஒரு நாட்டில், மனைவி ஒரு நாட்டில். இடையில் கலவரம், போர், அவசரநிலை. 'இவர் என் துணைவர், என்னிடம் விடுங்கள்' என்று ஒருவர் மனுக் கொடுக்கிறார். அரசு திருப்பிக் கேட்கிறது: 'இது மணம்தான் என்பதற்கு அத்தாட்சி என்ன?'

விசா என்றவுடன் அது வசதி படைத்தவர்களின் கவலை, நமக்கென்ன என்று நினைக்கத் தோன்றும். தலித் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்தால் அப்படி நினைக்க முடியாது. கடல் கடந்து போன தமிழர்களில் பெரும் பகுதியினர் பெட்டி படுக்கையோடு பயணம் போனவர்கள் அல்ல, கூலிகளாக ஏற்றப்பட்டவர்கள். அவர்களில் நம்மவர்கள் ஏராளம். அவர்களுடைய மணம் செல்லுமா செல்லாதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் எப்போதும் வேறொருவர் கையில் இருந்தது.

1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில், சாதியின் தனிப் பண்பு அகமணமே என்று அம்பேத்கர் நிறுவினார். யார் யாரை மணக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துவதன் மூலமே சாதி தன்னை மறு உற்பத்தி செய்துகொள்கிறது. சமூகவியல் மாணவியாக நான் இதைப் படித்தபோது எனக்கு எழுந்த கேள்வி, நவீன அரசும் அதே வேலையைச் செய்கிறதா என்பது. யார் நம்முள் வரலாம், யாருடைய குழந்தை நம் குழந்தை என்பதைக் குடிவரவுச் சட்டமும் மணத்தின் வழியாகத்தான் முடிவு செய்கிறது. அமைதிக் காலத்தில் இது கோப்புகளுக்குள் மறைந்திருக்கும். கொந்தளிப்பு வரும்போது வெளியே தெரியும்.

முதல் உதாரணம் தென்னாப்பிரிக்கா. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு 1,52,184 ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகக் கப்பல் ஏறியவர்கள். கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், கிராமம் ஆகியவற்றோடு சாதியும் எழுதப்பட்டது. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்பது விதி. குடும்பம் நடத்துவதற்காக வகுத்த கணக்கல்ல இது, தோட்டம் நடத்துவதற்காக வகுத்த கணக்கு. ஊரில் உற்றார் முன்னிலையில் தாலி கட்டியவர்களானாலும், கப்பலில் துணை தேடிக்கொண்டவர்களானாலும், குடியேறிகள் பாதுகாவலர் என்னும் வெள்ளை அதிகாரியிடம் பதிவு இருந்தால்தான் அவர்கள் கணவன் மனைவி.

1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார. இந்தியாவிலிருந்து கணவனோடு வந்து இறங்கிய ஒரு பெண்ணுக்கு அனுமதி மறுக்கப்பட்ட வழக்கு அது. பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின் சடங்குப்படி நடந்த மணம் அந்நாட்டுச் சட்டத்தின் முன் மணமாகாது என்றது தீர்ப்பு. அவருக்கு ஒரே மனைவிதான் என்றாலும் அதே கதிதான். ஒரே நாளில் இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் அனைவரின் மனைவிமாரும் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆனார்கள். அதுவரை ஆண்களின் விவகாரமாக இருந்த சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கினார்கள். செப்டம்பரில் கஸ்தூரிபா உள்ளிட்ட குழு அனுமதிச் சீட்டு இல்லாமல் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து சிறை சென்றது. ஜோகன்னஸ்பர்க் பகுதித் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, நியூகாசில் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள். அக்டோபரில் சுரங்கங்கள் நின்றன. சிறையில் நோயுற்று வெளியே வந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது வயது 16.

இந்தக் கதையை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். படிக்காத பகுதி ஒன்று உண்டு. சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலையை நிறுத்திய கூலிகளை முதன்மையாக வாட்டியது சியர்ல் தீர்ப்பு அல்ல, 3 பவுண்டு தலைவரி. ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்பினால் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய வரி அது. 16 வயதைக் கடந்த ஆண் மட்டுமல்ல, 13 வயதைக் கடந்த பெண்ணும் கட்ட வேண்டும். ஒப்பந்தக் கூலியின் முதல் ஆண்டு மாதச் சம்பளம் 10 ஷில்லிங். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், ஆறு மாதச் சம்பளம். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தால் ஓர் ஆண்டின் உழைப்பு. வணிகர் வீட்டு மனைவியின் பிரச்சினை, சட்டம் அவளை மனைவியாக ஏற்கவில்லை என்பது. கூலிக்காரியின் பிரச்சினை, அவள் மனைவியாகச் சேர்ந்து வாழ்வதற்கே வரி கேட்டது என்பது. இரண்டும் சேர்ந்ததால்தான் அந்தப் போராட்டம் வலுத்தது. வரலாறு எழுதியவர்கள் முதலாவதை மானப் பிரச்சினை என்றார்கள், இரண்டாவதைப் பொருளாதாரக் கோரிக்கை என்றார்கள். நமக்கு இரண்டுமே மானப் பிரச்சினைதான்.

1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. தலைவரி ஒழிந்தது. ஒரு மனைவியும் அவள் பிள்ளைகளும் ஏற்கப்பட்டார்கள். அதே சட்டம் இந்திய மத குருமார்களை மணப்பதிவு அதிகாரிகளாக நியமிக்க வழிசெய்தது. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். குருக்கள் வீட்டு வாசலுக்கு வராத சாதிகளின் மணத்துக்கு, கடல் கடந்த பின்னும் குருவின் கையெழுத்தே அத்தாட்சி. அந்த ஆண்டுகளில் நம் இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். வெள்ளை நீதிபதிக்கும் தமிழ்க் கூலிக்கும் நடுவில் நின்று வாழ்க்கைகளை மொழிபெயர்த்த மனிதர் பின்னாளில் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு சென்றார் என்பது தற்செயல் அல்ல என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தாய்நாட்டிலும் நிலைமை வேறாக இல்லை. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்ட பிறகுதான் அது சட்டப்படி மணமானது.

இரண்டாவது உதாரணம் இலங்கை. மலையகத் தமிழரில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து போனவர்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வாசிகள் சட்டம் பதிவு மூலம் குடியுரிமை பெற ஒரு சிறு கதவைத் திறந்தது. மணமாகாதவர் 10 ஆண்டுகள், மணமானவர் 7 ஆண்டுகள் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். மணமானவர் என்றால் மனைவியும் அங்கேயே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவது நம் வழக்கம். தோட்டத்திலிருந்து புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ வந்து பிள்ளை பெற்றுத் திரும்பிய பெண்ணின் அந்தப் பயணம், கணவனின் விண்ணப்பத்தில் ஓட்டையாக மாறக்கூடியது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

பிறகு 1964 அக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 மனிதர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எண்களைப் பிரிப்பது எளிது. குடும்பங்கள் எண்களாக இருக்கவில்லை. அப்பா இந்தியப் பாஸ்போர்ட், மணமான மகள் இலங்கைப் பிரஜை. மாமியார் ஒரு பட்டியலில், மருமகள் இன்னொரு பட்டியலில். 1977இலும் 1983இலும் வன்முறை தோட்டங்களைத் தாக்கியபோது, காகிதம் யாருக்கு எந்த நாட்டைக் காட்டியதோ அங்கே ஓட வேண்டியிருந்தது. 1984இல் போர்ச் சூழலில் ராமேசுவரம்–தலைமன்னார் கப்பலும் நின்றது. அதன் பிறகு படகுதான். படகில் விசா கிடையாது.

அப்படிப் படகில் வந்தவர்களைத்தான் இன்று தமிழ்நாட்டு முகாம்களில் பார்க்கிறோம். 2021இல் பெயர் மாறியது. அகதிகள் முகாம் என்பது இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஆனது. அந்த முகாமில் வளர்ந்த ஓர் இளைஞனை நம் ஊர்ப் பெண் ஒருத்தி மணக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வெளிநாட்டவர் என்றால் இந்தியரை மணந்து 7 ஆண்டுகள் இங்கே வசித்தபின் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம். இவரால் கேட்க முடியாது. உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி என்கிறது 2003ஆம் ஆண்டுத் திருத்தம். அதோடு நிற்கவில்லை. 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால், மற்றவர் இந்தியர் என்றாலும் அந்தக் குழந்தை பிறப்பால் இந்தியர் இல்லை. தாய் இந்தியர், பிறந்தது இந்திய மண்ணில், பிள்ளை மட்டும் இந்தியர் அல்ல. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னது. அதில் இலங்கை இல்லை. வேறு நாடுகளின் விசா விதிகளைக் கண்டிக்கும் முன் நம் வீட்டு வாசலில் இருக்கும் இந்த விதியைக் கண்டிக்க வேண்டும்.

உலகம் முழுவதும் இதுவே முறை. 1979 ஜனவரியில், வருங்காலக் கணவரை மணக்க ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரைக் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். மணப்பெண் என்று சொல்கிறாயே, உன் உடலைக் காட்டு என்பதே அதன் பொருள். 2003இல், இரண்டாம் இன்டிபாடா நடந்துகொண்டிருந்தபோது, இஸ்ரேல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மேற்குக் கரை, காசாவைச் சேர்ந்த பாலஸ்தீனர் இஸ்ரேலியக் குடிமக்களை மணந்தால் அங்கே வந்து நிரந்தரமாக வாழ முடியாது. ஓராண்டுக்கான தற்காலிகச் சட்டம் என்றார்கள். ஆண்டுக்கு ஆண்டு நீட்டினார்கள். 2006இலும் 2012இலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6–5 என்ற கணக்கில் அதை ஏற்றது. 2021இல் நாடாளுமன்றத்தில் 59–59 என வாக்குகள் சமமாகி அது காலாவதியானது. 2022 மார்ச்சில் திரும்பவும் நிறைவேற்றினார்கள். சொன்ன காரணம் பாதுகாப்பு. யூதப் பெரும்பான்மையைக் காக்கும் கருவிகளில் இதுவும் ஒன்று என்று அப்போதைய வெளியுறவு அமைச்சரே வெளிப்படையாகச் சொன்னார். தங்கள் எண்ணிக்கைக்காக அடுத்தவர் மணத்தைத் தடுப்பது அகமணத்தின் தர்க்கம் அல்லாமல் வேறென்ன?

இனி கவுண்ட்டருக்கு வருவோம். துணைவர் விசாவில் அதிகாரி தேடுவது 'உண்மையான மணம்'. எப்படிக் கண்டுபிடிப்பார்? திருமண அழைப்பிதழ், இரு குடும்பத்தாரும் நிற்கும் படங்கள், விருந்து, உறவினர் வாக்குமூலம். கனடாவின் அதிகாரிகளுக்கான ஒரு பயிற்சிக் குறிப்பு 2015இல் வெளியே வந்தது. சிறிய அளவில் நடந்த விருந்து, படத்தில் உதட்டில் முத்தமிடாத தம்பதி ஆகியவையெல்லாம் சந்தேகத்துக்குரிய அடையாளங்கள் என்று அதில் இருந்தது. நம் வீட்டுக் கல்யாணத்தில் யார் தோழர்களே உதட்டில் முத்தமிடுகிறார்கள்?

இந்தப் பட்டியலோடு ஒரு சாதி மறுப்புத் தம்பதியை நிறுத்திப் பாருங்கள். அழைப்பிதழ் அச்சடித்தால் ஆள் தேடி வருவார்கள். பெற்றோர் படத்தில் இல்லை, ஏனென்றால் பெற்றோரிடமிருந்து தப்பித்துத்தான் மணம் நடந்தது. விருந்து என்பது பதிவாளர் அலுவலக வாசலில் நான்கு தோழர்கள் வாங்கிக் கொடுத்த தேநீர். இளவரசனையும் கோகுல்ராஜையும் சங்கரையும் பறிகொடுத்த மண்ணில், அமைதியாக நடந்த மணம் என்பது உயிரோடு நடந்த மணம் என்று பொருள். அதையே அந்நிய அதிகாரி 'குடும்பம் ஏற்காத மணம், ஆகவே பொய் மணமாக இருக்கலாம்' என்று வாசிக்க இடமிருக்கிறது. குடும்பத்தின் சம்மதத்தை உண்மைக்கு அளவுகோலாக வைக்கும் எந்த விதியும், தெரிந்தோ தெரியாமலோ, சாதியின் சம்மதத்தைக் கேட்கிறது.

அங்கே கலவரமும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம். தூதரகம் மூடப்படும், நேர்காணல் மூன்றாம் நாட்டுக்கு மாறும். காவல்துறைத் தடையின்மைச் சான்றுக்குக் காலாவதித் தேதி உண்டு, ஊரடங்குக்குக் கிடையாது. பணமும் ஆள்பலமும் உள்ளவர்கள் வழக்கறிஞர் வைத்துச் சமாளிப்பார்கள். அம்மாவிடம்கூடப் போனில் பேச முடியாத பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

நாம் என்ன செய்யலாம்? மூன்று விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, முகாம் தமிழரை மணந்தவர்களின் குடும்பங்களுக்கு நீண்டகால விசாவும் குடியுரிமையும் கேட்கும் கோரிக்கையை ஈழ ஆதரவு அமைப்புகளிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. அந்த முகாம்களில் மலையக வம்சாவளியினர் நிறைய இருக்கிறார்கள். அது தலித் இயக்கத்தின் கோரிக்கை.

இரண்டு, சாதி மறுப்பு மணங்களை நடத்திவைக்கும் நாம் அவற்றுக்கு அத்தாட்சி உண்டாக்கவும் பழக வேண்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயம். அதை அன்றே முடியுங்கள். பாதுகாப்புக் கேட்டுக் கொடுத்த மனுவின் நகல், சாட்சிகளின் உறுதிமொழி, தேதியோடு படங்கள், அமைப்பின் கடிதம் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு அவர்கள் கையில் கொடுங்கள். பெற்றோர் ஏன் படத்தில் இல்லை என்று கேட்கப்பட்டால், அந்தப் பாதுகாப்பு மனுவே பதில்.

மூன்று, வெளிநாடுகளில் இருக்கும் அம்பேத்கரிய அமைப்புகள் அங்குள்ள குடிவரவுத் துறைகளுக்குச் சாதி என்றால் என்ன என்று எடுத்துச் சொல்ல வேண்டும். சாதியைப் பாகுபாடாக ஏற்க வைக்கும் போராட்டம் பல நாடுகளில் வேலையிடம், கல்லூரி என்று நடக்கிறது. விசா மனுவும் அதற்குள் வர வேண்டும்.

1913இல் எல்லையைக் கடந்த பெண்களிடம் அனுமதிச் சீட்டு இல்லை. கேட்டபோது பெயர் சொல்ல மறுத்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் கிடைத்தது சிறை, நமக்குக் கிடைத்தது ஓர் உரிமை, அதுவும் முழுமையாக அல்ல. மீதியைக் கேட்டு வாங்குவதே மறைந்த தோழருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை.

 ஜெய்பீம்.