கடிதம் யார் பெயருக்கு வந்தது? ஊகப்புனைவும் இலக்கிய முகவரும்



எழுத்தாளர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது நாம் அவருடைய நூலில் தொடங்குவோம். அல்லது பிறந்த ஊரில் தொடங்குவோம். இன்று வேறோர் இடத்தில் தொடங்க விரும்புகிறோம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உள்ள இலக்கிய முகவர் நிறுவனங்கள் தம் எழுத்தாளர்களைப் பற்றி அவ்வப்போது செய்திக்குறிப்புகள் வெளியிடுகின்றன. இன்னாரது புதினத்தை இன்ன பதிப்பகம் வாங்கியுள்ளது. இன்னாரது சிறுகதைத் தொகுதி இன்ன விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இன்னாரது தொடரின் இரண்டாம் பாகம் பிரெஞ்சு மொழிக்குச் செல்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகள்தாம். கடைசி வரியின் ஓரத்தில் முகவரின் பெயர் இருக்கும். வாசகர் அங்கே வந்து சேருமுன் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

மொழி ஆர்வலர்க்கு இக்குறிப்புகளில் ஒரு தனிச்சுவை உண்டு. அமெரிக்கப் பதிப்புலகின் ‘பப்ளிஷர்ஸ் மார்க்கெட்பிளேஸ்’ என்னும் தொழில்முறைச் செய்திச் சேவையில், எழுத்தாளர் பெற்ற முன்பணத்தை எண்ணால் சொல்லாமல் அடைமொழியால் சொல்லும் வழக்கம் இருக்கிறது. ‘இனிய ஒப்பந்தம்’ என்றால் 49,000 டாலர் வரை. ‘மிக இனிய ஒப்பந்தம்’ என்றால் 50,000 முதல் 99,000 வரை. ‘நல்ல ஒப்பந்தம்’ 100,000 டாலரில் தொடங்குகிறது. 500,000 டாலரைத் தாண்டினால் அது ‘பெரிய ஒப்பந்தம்’. இனியது நல்லதற்குக் கீழே நிற்கும் இந்த அகராதியை நம் புலவர் எவரும் ஏற்கமாட்டார்.

ஊகப்புனைவு என்று நாம் குறிப்பது அறிவியல் புனைகதை, மாயப்புனைவு, பேய்க்கதை, வேறு வரலாறு நிகழ்ந்திருந்தால் என்னும் கற்பனை ஆகிய அனைத்தையும் தழுவிய பரப்பு. நெடுங்காலம் இப்பரப்பு இலக்கியத்தின் திண்ணையில்தான் அமர்த்தப்பட்டிருந்தது. அதனை உள்ளே அழைத்து வந்தவர்கள் என்று எழுத்தாளர்களைச் சொல்கிறோம். சிறந்த பதிப்பாசிரியர்கள் சிலரையும் சொல்கிறோம். இடையில் நின்றவர்களைச் சொல்வதில்லை. அவர்களுள் ஒருவரைப் பற்றியே இன்றைய உரையின் பெரும்பகுதி.

வர்ஜீனியா கிட் 1921-இல் பிறந்தவர், கவிஞர், நியூயார்க்கின் ‘ஃபியூச்சூரியன்கள்’ என்னும் இளம் அறிவியல் புனைகதை ஆர்வலர் குழுவில் வளர்ந்தவர். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஜேம்ஸ் பிளிஷ் என்பவரை மணந்து பின்னர்ப் பிரிந்தார். 1965-இல், பென்சில்வேனியா மாநிலத்தில் டெலவர் ஆற்றங்கரையில் உள்ள மில்ஃபோர்டு என்னும் சிற்றூரில், தம் வீட்டிலேயே முகவர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஊகப்புனைவுத் துறையின் முதல் பெண் முகவர் என்று அவரைக் குறிப்பிடுவர். பதிப்பகங்களெல்லாம் நியூயார்க்கில் குவிந்திருக்க, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து அவர் தட்டச்சுப் பொறியாலும் அஞ்சல் உறைகளாலும் தொழில் நடத்தினார். ஆன் மெக்காஃப்ரி, ஜீன் உல்ஃப், ஆர். ஏ. லாஃபர்ட்டி முதலியோர் அவருடைய எழுத்தாளர்கள். அர்சுலா கே. லெ குவின் 1968-இல் வந்து சேர்ந்தார்.

லெ குவின் அப்போது நாட்டின் மறுகரையில், ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் வாழ்ந்தார். ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ என்னும் புதினத்தை எழுதி முடித்திருந்தார். தமிழில் ‘இருளின் இடக்கை’ எனலாம். ஏஸ் பதிப்பகம் அதனை மெல்லட்டைப் பதிப்பாக வெளியிட ஒப்புக்கொண்டிருந்தது. அக்காலத்தில் மெல்லட்டை நூல் மருந்துக்கடையிலும் பேருந்து நிலையத்திலும் விற்கும் பொருள். நூலகங்களும் மதிப்புரையாளர்களும் கெட்டி அட்டைப் பதிப்பையே பொருட்படுத்தினர். அந்தக் கெட்டி அட்டை உரிமையை விற்றுத்தர இயலுமா என்றுதான் லெ குவின் கிட் அவர்களை அணுகினார். மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்தாளர் கையில் இருப்பது ஒரு கைப்பிரதி. சட்டத்தின் கண்ணில் அது பல உரிமைகளின் கட்டு. மெல்லட்டை, கெட்டி அட்டை, இதழ் வெளியீடு, மொழிபெயர்ப்பு, திரைப்படம் என ஒவ்வொன்றையும் பிரித்து விற்கலாம். பிரிக்கத் தெரியாதவர் ஒரே கையொப்பத்தில் அனைத்தையும் கொடுத்துவிடுவார்.

1968 சூன் 21 தேதியிட்ட ஒரு மறுப்புக் கடிதம் இருக்கிறது. எழுதியவர் ஒரு பதிப்பாசிரியர். லெ குவின் மிக நன்றாக எழுதுகிறார் என்று தொடங்கி, தகவல்களும் குறிப்புகளும் கதையை மூச்சுத் திணறச் செய்கின்றன, ஓட்டம் அறவே நின்றுபோகிறது, இது வாசிக்க இயலாத நூல் என்று தீர்ப்பளிக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பின் லெ குவினே அதனை யாவரும் காண வெளியிட்டார். எழுதியவரின் பெயரை மட்டும் மறைத்துவிட்டார். சோர்ந்த இளம் எழுத்தாளர்க்கு ஆறுதலாக அக்கடிதம் இன்றும் காட்டப்படுகிறது. அதே நூல் மறு ஆண்டு ஏஸ் வழி மெல்லட்டையிலும் வாக்கர் பதிப்பகத்தின் வழி கெட்டி அட்டையிலும் வந்தது. நெபுலா விருது பெற்றது. 1970-இல் ஹியூகோ விருதும் பெற்றது. புதினத்துக்கான ஹியூகோவைப் பெற்ற முதல் பெண் லெ குவின். இது எல்லாரும் சொல்லும் கதை.

நாம் பார்க்க விரும்புவது அக்கடிதத்தின் விளிச்சொல்லை. அது ‘அன்புள்ள மிஸ் கிட்’ என்று தொடங்குகிறது. அடி விழுந்த இடம் எழுத்தாளரின் முகம் அன்று. மில்ஃபோர்டில் ஒருவர் உறையைப் பிரித்தார், வாசித்தார், கோப்பில் வைத்தார், கைப்பிரதியை மறுபடியும் கட்டி அடுத்த முகவரியை எழுதினார். அன்றைய செய்திக்குறிப்பு எதிலும் இச்செயலுக்கு இடமில்லை. விற்றதைத்தான் அறிவிக்கிறோம், விற்காத நாட்களை எவரும் அறிவிப்பதில்லை.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. ‘நைன் லைவ்ஸ்’ என்னும் சிறுகதையைக் கிட், ‘யு. கே. லெ குவின்’ என்று முதலெழுத்துகளோடு ஓர் இதழுக்கு அனுப்பினார். இதழின் பெயர் ‘பிளேபாய்’. பின்வரிசையில் எழும் சிரிப்பு எமக்கும் கேட்கிறது. ஆயினும் அக்காலத்தில் சிறுகதைக்கு மிகுந்த ஊதியம் தந்த இதழ்களுள் அதுவும் ஒன்று. கதை ஏற்கப்பட்டது. பிறகுதான் எழுதியவர் பெண் என்பதைக் கிட் தெரிவித்தார். இதழாரோ முதலெழுத்துகளோடே வெளியிட அனுமதி கேட்டனர். பெண் எழுதிய கதை என்றால் தம் வாசகர்கள் அஞ்சுவர் என்பது அவர்கள் சொன்ன காரணம். லெ குவின் இசைந்தார். அப்போது அது வெறும் வேடிக்கையாகத் தோன்றியதால் அதன் முக்கியத்துவத்தை உணரத் தவறினேன் என்று பின்னர் எழுதினார். கிட் செய்தது தந்திரமா, விட்டுக்கொடுத்தலா? நம் எண்ணத்தில் இரண்டும்தான். கதவைத் திறக்க அவர் பெயரைச் சுருக்கினார். திறந்தபின் உண்மையைச் சொன்னார். ஆனால் அச்சில் ஏறியது சுருக்கிய பெயரே.

‘இருளின் இடக்கை’ நூலில் வரும் மக்கள் ஆண், பெண் என நிலையாகப் பிரிந்திராதவர்கள். ஆங்கிலத்தில் அவர்களைச் சுட்ட லெ குவின் ஆண்பாற் சொல்லையே ஆண்டார். அதற்காகப் பின்னாளில் விமரிசனமும் பெற்றார். தாமே தம் நிலைப்பாட்டை மறு ஆய்வும் செய்தார். இதனை மொழிபெயர்க்கும் தமிழருக்கு ‘அவர்’ என்னும் பலர்பால் கைகொடுக்கும். உடனே வேறு சிக்கல் முளைக்கும்: பகைவருக்கும் குழந்தைக்கும்கூட மரியாதை கூடிவிடும். வகுப்பறையில் ஒரு பக்கத்தை மொழிபெயர்க்கச் சொல்லிப் பாருங்கள். இலக்கணப் பாடம் அங்கே உயிர்பெறும்.

முகவர் எல்லாரும் கிட் போன்றவர் என்று சொல்ல வரவில்லை. 1946-இல் தொடங்கிய ஸ்காட் மெரிடித் நிறுவனம் ஆர்தர் சி. கிளார்க், ஃபிலிப் கே. டிக் போன்றோரின் நூல்களை விற்ற பெருநிறுவனம். புதியவர்களின் கைப்பிரதிகளை வாசிக்கக் கட்டணம் வாங்கியதாலும் அது பேர்பெற்றது. டிக், அறிவியல் கலவாத நடப்பியல் புதினங்கள் பலவற்றை எழுதி அந்நிறுவனத்திடம் தந்திருந்தார். 1963 தொடக்கத்தில் அவை அனைத்தும் விற்க இயலாதவை என்று திரும்பி வந்தன. அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் அவர் வாழ்நாளில், அதுவும் 1975-இல், அச்சேறியது. பெரும்பாலானவற்றை உலகம் வாசித்தது 1982-இல் அவர் மறைந்தபின்னரே. அடுத்த உறையில் முகவரி எழுதும் கை ஓய்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

இன்று நேர்மையான முகவர் வாசிப்புக் கட்டணம் கேட்பதில்லை. நூல் விற்றால் மட்டுமே அவருக்கு வருவாய்: உள்நாட்டு விற்பனையில் நூற்றுக்கு 15, அயல்நாட்டு விற்பனையில் பெரும்பாலும் 20. முன்கூட்டியே பணம் கேட்பவரிடமிருந்து மாணவர்கள் விலகி நிற்க வேண்டும்.

இது அயலார் கதை மட்டுமன்று. மலேசியாவில் பிறந்து வளர்ந்த ஸென் சோ, நம் மண்ணின் பேய்களையும் பாட்டிகளையும் வைத்து எழுதிய ‘ஸ்பிரிட்ஸ் அப்ராட்’ தொகுதியை 2014-இல் மலேசியப் பதிப்பகமான புக்கு ஃபிக்ஸி வழி வெளியிட்டார். மறு ஆண்டு அத்தொகுதி கிராஃபர்டு விருதைப் பகிர்ந்துகொண்டது. அதே 2015-இல் அவருடைய முதல் புதினம் ‘சார்சரர் டு தி கிரவுன்’ வந்தது. முகவர் கேட்லின் பிளாஸ்டெல். அமெரிக்காவில் வெளியிட்டது ஏஸ். லெ குவினின் மெல்லட்டைப் பதிப்பை வெளியிட்ட அதே ஏஸ். இங்கிலாந்தில் வேறு பதிப்பகம். ஒரே நூல், இரு நாடு, இரு விற்பனை: மேலே சொன்ன உரிமைக் கட்டு இங்கே அவிழ்ந்து பிரிவதைக் காணலாம். 2021-இல் வந்த ‘பிளாக் வாட்டர் சிஸ்டர்’ பெரும்பாலும் பினாங்கில் நிகழ்கிறது. மாந்தர் பேசுவது நம் கடைத்தெரு ஆங்கிலம். அந்தப் பேச்சைத் திருத்தாமல் வெளிநாட்டார் வாங்கினர் என்பதே நமக்குப் பெரிய செய்தி.

நம் தமிழ் எழுத்துலகில் இத்தொழில் வேர்கொள்ளவில்லை. எழுதியவரே அச்சகம் தேடுகிறார். எழுதியவரே மண்டபம் பிடிக்கிறார். முதல் நூலைப் பெற்றுக்கொள்ளப் புரவலர் ஒருவரை அழைக்கிறார். விழா முடிந்தபின் மீந்த கட்டுகளை வீட்டுக்குத் தூக்கிச் செல்கிறார். ஒப்பந்தம் என்னும் தாள் பலருக்குக் கண்ணில் பட்டதே இல்லை. படிவம் நான்கில் பயிலும் ஒரு மாணவி, செவ்வாயில் அமைந்த தோட்டப்புறத்தைப் பற்றிக் கதை எழுதி ஞாயிறு பதிப்புக்கு அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கதை வராமல் போகலாம். மறுப்புக் கடிதமும் வராது. மௌனத்தை அவளே நேரில் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த கதையை எழுதாமலே இருந்துவிடுவாள். அவளுக்கும் பத்திரிகைக்கும் இடையே நிற்கக்கூடியவர் அவளுடைய தமிழாசிரியர்தாம். கதையை வாசித்து, எங்கே அனுப்பலாம் என்று சொல்லி, வராதபோது இன்னோர் இதழின் முகவரியைத் தர அவரால் இயலும். இதற்குப் பதவி உயர்வும் இல்லை, நூற்றுக்கு 15-உம் இல்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை.

2014 நவம்பரில் நியூயார்க்கில் அமெரிக்க தேசிய நூல் அறக்கட்டளை லெ குவினுக்கு வாழ்நாள் பங்களிப்புக்கான பதக்கத்தை வழங்கியது. நூல்களை வெறும் விற்பனைச் சரக்காக்கும் போக்கை அந்த மேடையிலேயே அவர் கடிந்துரைத்தார். இலக்கியத்திலிருந்து நெடுங்காலம் விலக்கிவைக்கப்பட்ட ஊகப்புனைவு எழுத்தாளர் அனைவரோடும் அப்பரிசைப் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னார். அதற்கு முன், உரையின் தொடக்கத்திலேயே, தாம் அங்கு நிற்பது தம் குடும்பத்தாரும் முகவர்களும் பதிப்பாசிரியர்களும் செய்த செயலும் ஆகும் என்றார். வர்ஜீனியா கிட் மறைந்து அப்போது பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.